பதில் சொல்ல ஒரு கணம்

'வரும்போது' என்பதும் 'வந்தால்' என்பதும் பேச்சில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போகும் சொற்கள். மாமா வரும்போது சொல், மாமா வந்தால் சொல்: எப்படிச் சொன்னாலும் வீட்டில் காரியம் நடந்துவிடும். ஒன்று காலத்தைக் குறிக்கிறது, மற்றது நிபந்தனையைக் குறிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது இலக்கணம் படித்தவர்களின் வேலை. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் விழுந்து, கையிலிருந்த வெற்றியைப் பறிகொடுத்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிச் சிறுவர்கள். அவர்கள் தோற்றது பரீட்சையிலோ வழக்கிலோ அல்ல. சீட்டாட்டத்தில்.

இது ரம்மி, இருபத்தெட்டு வகைச் சீட்டாட்டம் அல்ல. ரம்மியில் நேரத் தகராறுக்கு அதிக இடமில்லை. ஒருவர் சீட்டை எடுக்கிறார், ஒன்றைக் கீழே போடுகிறார், முறை அடுத்தவருக்குப் போகிறது. எதிராளி சீட்டைப் போடும்போது குறுக்கே புகுந்து 'நில், அதற்கு முன் இது' என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அவரவர் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடைதான் சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகள்.

இவற்றில் முதலாவதான 'மேஜிக்: தி கேதரிங்' 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதம் படித்தவர். அதே ஆண்டில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வெளியிட்டது சியாட்டில் அருகே அப்போது சிறியதாக இயங்கிவந்த விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டிவிட்டது. கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்து, தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே அமைத்துக்கொண்டு ஆட வருகிறார். எதிராளியின் கட்டில் என்ன இருக்கிறது என்பது இவருக்குத் தெரியாது.

இதில் ஒவ்வொரு சீட்டும் ஒரு சிறு சட்டம். என்ன செய்யும், எப்போது செய்யும் என்பது அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொது விதியும் சீட்டும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும் என்பது ஆட்டத்தின் தங்க விதி. ஆயிரக்கணக்கான விதிவிலக்குகள், அவற்றில் எவை இன்று மேஜைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாத நிலை. இந்தக் கலவரத்துக்குள் ஒழுங்கைக் கொண்டுவர முளைத்தவைதான் நேர விதிகள். எந்தச் சீட்டை எப்போது இறக்கலாம், ஒரே சமயத்தில் இருவர் இறக்கினால் எது முதலில் பலிக்கும் என்று சொல்பவை அவை.

ஓர் எளிய உதாரணம். ஒருவரிடம் ஒரு கரடிச் சீட்டு இருக்கிறது. தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. எதிராளி அதன் மேல் 'லைட்னிங் போல்ட்' என்ற இடியை இறக்குகிறார். அது 3 புள்ளி சேதம் விளைவிக்கும். கரடி செத்ததுபோலத்தான். ஆனால் இடி விழுவதற்குள் கரடிக்காரர் 'ஜயன்ட் க்ரோத்' என்ற சீட்டைப் பதிலாக இறக்குகிறார். அந்த முறை முடியும்வரை கரடியின் இரண்டு பலங்களும் 3 கூடும். இப்போது தாங்கும் பலம் 5. இடி விழுகிறது, கரடி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது.

இதையே மாற்றிப் பார்க்கலாம். கரடிக்காரர் பொறுமை இழந்து வளர்ச்சிச் சீட்டை முந்திக்கொண்டு போட்டுவிடுகிறார். அது பலிப்பதற்குள் எதிராளி பதிலாக இடியை இறக்குகிறார். இடி முதலில் விழுகிறது. கரடியின் பலம் இன்னும் 2-தான். கரடி சாகிறது. வளர்ச்சிச் சீட்டு, வளர்க்க ஆளில்லாமல் வீணாகிறது. அதே கரடி, அதே இரண்டு சீட்டுகள். மாறியது வரிசை மட்டுமே. பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழி இங்கே வெறும் அறிவுரை அல்ல, விதி.

கடைசியாகச் சொன்னது ஏன் முதலில் நடக்க வேண்டும்? முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதுதானே ரேஷன் கடை தொடங்கி ரயில் முன்பதிவு வரை உள்ள நியாயம்? கேள்வி சரியானது. ஆனால் இங்கே நடப்பது வரிசையில் நிற்பது அல்ல, பதில் சொல்வது. அடிக்க ஓங்கிய கையைப் பிடிக்க வருகிறவர், அடி விழுந்த பிறகு வந்து பயனில்லை. தடுப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் தடுக்கப்படுவதற்கு முன்பே அது பலித்தாக வேண்டும். அந்தத் தடுப்பையும் தடுக்க ஒருவர் வந்தால் அவருடையது அதற்கும் முன்னால். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கடைசியாக வைத்த தட்டுதானே முதலில் கைக்கு வருகிறது? கணிப்பொறி நிபுணர்கள் இதை 'ஸ்டாக்', அதாவது அடுக்கு என்பார்கள். மேஜிக்கும் அதே பெயரை எடுத்துக்கொண்டது.

ஆனால் எடுத்துக்கொள்ள ஆறு ஆண்டுகள் பிடித்தன. தொடக்க காலத்தில் சீட்டுகளின் வேகத்துக்குப் பல தரங்கள் இருந்தன. 'இன்ஸ்டன்ட்' என்பது வேகமானது. 'இன்டரப்ட்' என்பது அதைவிட வேகமானது. குறுக்கீட்டுக்கு இன்னொரு குறுக்கீடுதான் பதில் சொல்ல முடியும். இருவரும் இறக்கிய சீட்டுகள் ஒரு தொகுதியாகச் சேரும். தொகுதி நடக்கத் தொடங்கிவிட்டால் நடுவில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. சேதத்தைத் தடுக்கும் சீட்டுகளுக்கு என்று தனியாக ஒரு நேரம். விதிகளை மனப்பாடம் செய்தவர்களே தடுமாறினார்கள். விவரம் தெரிந்தவர் தெரியாதவரை விதியாலேயே அடித்துவிட முடிந்தது.

1999-இல் வந்த ஆறாம் பதிப்பு இந்தச் சிக்கலை ஒரேயடியாக வெட்டியது. குறுக்கீடு என்ற வகையே ஒழிக்கப்பட்டது. எல்லாம் ஓர் அடுக்கு. மேலே இருப்பது முதலில் நடக்கும். ஒன்று நடந்து முடிந்ததும் மீண்டும் இருவருக்கும் பேச வாய்ப்பு உண்டு. தொகுதி முழுவதும் ஓடி முடியட்டும் என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி 'முன்னுரிமை' என்ற கருத்து. எந்தக் கணத்திலும் பேசும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கும். யாருடைய முறையோ அவரிடம் முதலில். அவர் சீட்டை இறக்கலாம், அல்லது 'எனக்கு ஒன்றுமில்லை' என்று உரிமையை அடுத்தவருக்குத் தள்ளலாம். இருவரும் அடுத்தடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னால்தான் அடுக்கின் மேலே இருப்பது பலிக்கும். அடுக்கு காலியாக இருந்தால் ஆட்டம் அடுத்த கட்டத்துக்கு நகரும். ஆக, இந்த ஆட்டத்தில் மௌனமும் ஒரு செயல். சும்மா இருப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வாய் திறப்பவருக்கு வழியில்லை.

சட்டமன்றங்களையும் நாடாளுமன்றத்தையும் கவனிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு தீர்மானம் முன்மொழியப்படுகிறது. அதற்கு ஒருவர் திருத்தம் கொண்டுவருகிறார். வாக்கெடுப்பு நடக்கும்போது பின்னால் வந்த திருத்தம் முதலில் முடிவாகிறது. தீர்மானம் அதற்குப் பிறகுதான். மூலத்தை நிறைவேற்றிவிட்டுத் திருத்தத்தை எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை அல்லவா? யார் பேசிக்கொண்டிருந்தாலும் இடைமறித்து எழுப்பக்கூடிய 'ஒழுங்குப் பிரச்சினை' கூட ஒருவகையில் பழைய மேஜிக்கின் இன்டரப்ட்தான். மக்களவை விதி 376, ஒழுங்குப் பிரச்சினையை அந்தக் கணத்தில் அவையின் முன்னுள்ள அலுவல் பற்றியே எழுப்பலாம் என்கிறது. கணம் தப்பினால் உரிமையும் தப்பும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மன்றங்கள் சண்டையிட்டுக் கண்டுபிடித்ததைச் சீட்டாடிகள் ஆறே ஆண்டுகளில் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

பதில் சொல்லும் உரிமை பொதுவானது என்றதும், அதைப் பறிக்கும் சீட்டுகளும் வரத்தானே செய்யும்? 2006-இல் 'ஸ்ப்ளிட் செகண்ட்' என்ற சொல் தாங்கிய சீட்டுகள் வந்தன. அத்தகைய சீட்டு அடுக்கில் இருக்கும்வரை வேறு சீட்டை இறக்க முடியாது. சொற்ப விதிவிலக்குகள் தவிர வேறெந்தச் சக்தியையும் பயன்படுத்த முடியாது. பதிலே இல்லாத பேச்சு. அத்தகைய சீட்டுகளைச் சிக்கனமாகவே வெளியிட்டார்கள். எல்லாச் சீட்டுகளும் அப்படி ஆகிவிட்டால் ஆட்டம் மறுபடியும் ரம்மியாகிவிடும்.

இனி அந்த 'வரும்போது', 'வந்தால்' விவகாரம். அதன் களம் ஜப்பான். கஸுகி தகஹாஷி 1996-இல் வாரப் பத்திரிகையொன்றில் வரையத் தொடங்கிய 'யூ-கி-ஓ!' படக்கதையிலிருந்து பிறந்த சீட்டு விளையாட்டைக் கொனாமி நிறுவனம் 1999-இல் ஜப்பானில் வெளியிட்டது. 2002-இல் அது அமெரிக்காவுக்கும் போனது. இங்கே அடுக்குக்குப் பெயர் சங்கிலி. கடைசி வளையம் முதலில் பலிக்கும். சீட்டுகளுக்கு மூன்று வேகங்கள் உண்டு. முதல் வேகச் சீட்டு எதற்கும் பதிலாக வர முடியாது. மூன்றாம் வேகத்துக்கு மூன்றாம் வேகம்தான் பதில். சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டால் நடுவில் வளையம் சேர்க்க முடியாது. மேஜிக் 1999-இல் தூக்கி எறிந்த பலவற்றை யூ-கி-ஓ! பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆட்டத்தில் 'நேரத்தைத் தவறவிடுதல்' என்று ஒரு விதி உண்டு. 'இன்னது நடக்கும்போது நீங்கள் இதைச் செய்யலாம்' என்று ஒரு சீட்டு சொன்னால், அந்த இன்னது கடைசியாக நடந்த நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். அதன்பின் வேறு ஏதாவது நடந்துவிட்டால் வாய்ப்பு பறிபோகும். 'இன்னது நடந்தால் நீங்கள் இதைச் செய்யலாம்' என்றிருந்தால் கவலையில்லை. இடையில் என்ன நடந்திருந்தாலும் வாய்ப்பு காத்திருக்கும்.

ஆட்டக்காரர்கள் எடுத்துக்காட்டும் சீட்டு 'பீட்டன் தி டார்க் க்ளவுன்'. ஒரு கோமாளி. அவன் மயானத்துக்கு, அதாவது தீர்ந்த சீட்டுகளின் குவியலுக்கு, அனுப்பப்படும்போது அவனை அங்கிருந்து அகற்றிவிட்டு இன்னொரு பீட்டனைக் களத்துக்கு அழைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆட்டக்காரர் யோசிக்கிறார்: பெரிய அரக்கனை அழைக்க இவனைப் பலி கொடுப்போம், அரக்கனும் வருவான், இன்னொரு பீட்டனும் வருவான். ஆனால் வருவது அரக்கன் மட்டுமே. பலி கொடுத்தது முதல் நிகழ்ச்சி. அரக்கன் வந்தது அடுத்த நிகழ்ச்சி. பீட்டன் வாய் திறக்கும் நேரத்தில் கடைசியாக நடந்தது அரக்கனின் வருகை, பீட்டனின் மரணம் அல்ல. நேரம் தவறிவிட்டது. சீட்டில் 'போது' என்பதற்குப் பதில் 'ஆல்' என்றிருந்தால் இரண்டாவது பீட்டன் வந்து நின்றிருப்பான்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 'செய்யலாம்' என்றிருந்தால்தான் நேரம் தவறும். 'செய்ய வேண்டும்' என்ற கட்டாய விளைவுக்கு நேரம் தவறாது. கட்டளை காத்திருக்கும், சலுகை காத்திருக்காது. அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

ஜப்பானிய மூலத்தில் இந்த வேறுபாட்டைச் சுமப்பவை 'டோகி', 'பஆய்' என்ற இரண்டு சொற்கள். முன்னது வேளை. பின்னது நிலைமை, பட்சம். நடந்த வேளையில், நடந்த பட்சத்தில். அன்றாட ஜப்பானியப் பேச்சில் இவையும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பவைதான். சீட்டில் ஏறியதும் இரண்டுக்கும் நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது 'வென்', 'இஃப்' என்ற சொற்களில் அந்தச் சுவரை அப்படியே எழுப்பியாக வேண்டும். கதையையும் கவிதையையும் மொழிபெயர்ப்பவர் 'வரும்போது' என்பதை 'வந்தால்' என்று ஆக்கினால் பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அப்படிச் செய்தால் சீட்டின் பலம் கூடிவிடும், கேட்பதற்கு எதிராளி இருக்கிறார்.

கொனாமி 2011-இல் இதற்கு ஒரு மருந்து கொடுத்தது. ஆங்கிலச் சீட்டுகளில் வாசகம் எழுதும் முறையையே சீர்செய்தார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது நிபந்தனை: எப்போது இதைத் தொடங்கலாம் என்பது. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது தொடங்கும்போதே செய்ய வேண்டியது: கொடுக்க வேண்டிய விலை, குறிவைக்க வேண்டிய இலக்கு. அரைப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது சங்கிலி ஓடும்போது நடப்பது. எதிராளி தடுத்துவிட்டாலும் அரைப்புள்ளிக்கு முன் கொடுத்த விலை திரும்ப வராது. ஒற்றை அரைப்புள்ளி இவ்வளவு பாரம் சுமப்பது வேறெங்கும் உண்டா என்று இலக்கண ஆசிரியர்கள் தேடிப் பார்க்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன்கள் அதைத் தயங்காமல் படித்துப் பொருள் கொள்கிறார்கள். நிறுத்தக்குறிகளைப் பிள்ளைகள் மதிப்பதில்லை என்று புலம்பும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆனாலும் எல்லாப் பிழைகளும் நிறுத்தக்குறியால் தீர்வதில்லை. 'மிஸ்டிக்கல் ஸ்பேஸ் டைஃபூன்' என்ற சீட்டு எதிராளியின் மந்திரச் சீட்டு ஒன்றை அழிக்கும். எதிராளி இரண்டு சீட்டு எடுத்துக்கொள்ளும் 'பாட் ஆஃப் க்ரீட்' என்ற சீட்டை இறக்குகிறார். இவர் புயலைப் பதிலாக ஏவுகிறார். சீட்டு அழிந்தது, எனவே எதிராளிக்கு ஒன்றும் கிடையாது என்று புதியவர்கள் துள்ளுவார்கள். எதிராளி அமைதியாக இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொள்வார். அழித்தல் வேறு, செல்லாததாக்குதல் வேறு. அம்பு புறப்பட்ட பிறகு வில்லை ஒடித்து என்ன பயன்? இந்தத் தவறான எண்ணத்தைத் திருத்துவதே நடுவர்களின் பாதிப் பிழைப்பு என்று ஆட்டக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு இது பரவியிருக்கிறது.

விதிகள் இவ்வளவு துல்லியமானால் மனிதர் எதற்கு என்ற கேள்வி எழும். அதற்கும் ஒருவகையில் விடை கிடைத்திருக்கிறது. 2019-இல் மூன்று ஆய்வாளர்கள் மேஜிக் சீட்டுகளைக் குறிப்பிட்ட விதத்தில் பரப்பி வைத்தால் ஆட்டமே ஒரு கணிப்பொறியாகிவிடும் என்று நிரூபித்தார்கள். ஒரு சீட்டு சாக, அதனால் இன்னொன்று பிறக்க, எல்லாமே கட்டாய விளைவுகள். ஆட்டக்காரர்களுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமில்லை. அலன் டூரிங் வகுத்த கற்பனை இயந்திரம் செய்யும் கணக்கையெல்லாம் அந்தச் சீட்டுகள் செய்யும். அப்படி ஓர் ஆட்டத்தில் யார் வெல்வார் என்பதை முன்கூட்டிச் சொல்லப் பொதுவான வழிமுறை எதுவும் இருக்க முடியாது என்பது அவர்கள் கண்ட முடிவு. 'லாம்' எல்லாம் 'வேண்டும்' ஆகிவிட்டால் மேஜையில் மனிதர் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

துல்லியத்துக்கும் மனிதருக்கும் நேரடியாக மோதல் வந்த சந்தர்ப்பமும் உண்டு. 1999-க்குப் பிறகு மேஜிக்கில் போர்ச் சேதமும் அடுக்கில் ஏறிவந்தது. 'மாக் ஃபனாட்டிக்' என்ற குட்டிப் பிராணிக்குப் பலம் 1. தன்னைப் பலி கொடுத்து யாருக்காவது 1 புள்ளி சேதம் தரவும் அதனால் முடியும். அது சண்டையில் ஒரு அடி அடிக்கும். அந்த அடி அடுக்கில் காத்திருக்கும்போதே தன்னைப் பலி கொடுத்து இன்னொரு அடியும் கொடுக்கும். செத்துப்போன பிராணியின் கை வந்து அடிக்கும். விதிப்படி சுத்தம். திறமைசாலிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் புதிதாக ஆட வந்தவரிடம் இதை விளக்கினால் அவர் முகம் போகும் போக்கே வேறு. 2009-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அடித்தால் அடித்தது, செத்தால் செத்தது. வித்தை ஒன்று போனதே என்று பழையவர்கள் வருந்தினார்கள். ஆட்டம் நின்றுவிடவில்லை.

விதி தாளில் எப்படி இருந்தாலும் ஆட்டம் நடப்பது வாய்ப்பேச்சில். ஒவ்வொரு கட்டத்திலும் 'முன்னுரிமையைத் தள்ளுகிறேன்' என்று முறைப்படி சொல்லிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். எனவே ஆட்டக்காரர்கள் குறுக்குவழிச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆபத்து அங்கேதான். 2017 பிப்ரவரியில் டப்ளினில் நடந்த மேஜிக் தொழில்முறைப் போட்டியில் ஒருவர் 'காம்பேட்' என்று ஒரு சொல் சொன்னார். போரின் தொடக்கக் கட்டத்துக்கு வந்துவிட்டேன், அங்கே என் வண்டிச் சீட்டை உயிர்ப்பித்துத் தாக்கப்போகிறேன் என்பது அவர் நினைப்பு. அப்போதிருந்த போட்டி விதிப்படி அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தொடக்கக் கட்டத்தில் எனக்கு ஒன்றுமில்லை, தாக்குபவர்களை அறிவிக்கும் கட்டத்துக்குப் போகலாம் என்பது அது. நடுவர் விதியைப் படித்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

நடுவரைக் குறை சொல்ல முடியாது. விதி அப்படித்தான் இருந்தது. எதிராளி இடம் மாறிப்போன பிறகு 'இல்லை இல்லை, நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன்' என்று ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் அந்த விதியே வந்தது. ஆனால் சொன்னவர் நினைத்த பொருள் ஒன்று, அகராதியில் உள்ள பொருள் அதற்கு அருகில், விதிப்புத்தகத்தின் பொருள் எங்கோ தொலைவில் என்றால் குற்றம் யாருடையது? பல நாட்டவர், பல மொழிக்காரர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வாதம் வலுத்தது. அதே ஆண்டு விதியைத் திருத்தி எழுதினார்கள். தாக்க வருபவருக்குப் போரின் தொடக்கத்தில் மீண்டும் பேசும் வாய்ப்பு கிடைத்தது. ஒரு தோல்வி ஒரு வாக்கியத்தை மாற்றியது.

இத்தனை வம்பும் வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் சீட்டாட்டத்தில் எதிராளியின் முறையில் கையிலிருந்து சீட்டு இறக்கிப் பதில் சொல்ல இடமில்லை. அவர் செய்வதை எல்லாம் செய்து முடிக்கட்டும், பிறகு உங்கள் முறை. ஆறு வயதுக் குழந்தையும் ஆடலாம். 2014-இல் ப்ளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஹார்த்ஸ்டோன்' கணினித் திரைக்கென்றே செய்யப்பட்டது. அதிலும் எதிராளி முறையில் கை நீட்ட முடியாது. முன்கூட்டியே 'ரகசியம்' ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். நேரம் வந்தால் அது தானாக வெடிக்கும். ஆட்டம் சளசளவென்று ஓடுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் எதிராளியின் சம்மதத்துக்காகத் திரை முன் காத்திருக்க வேண்டியதில்லை.

மேஜிக்கைத் திரைக்குக் கொண்டுபோனபோது அந்தக் காத்திருப்பே காட்டிக்கொடுத்தது. 'மேஜிக் அரீனா'வில், பதில் சொல்ல எதுவுமில்லாதவர் சார்பில் கணிப்பொறியே உடனே தள்ளிவிடும். எனவே ஆட்டம் அரை நொடி தயங்கினால் எதிராளியிடம் ஏதோ இருக்கிறது என்று பொருள். மேஜையில் முகத்தை வைத்து ஏமாற்றத் தெரிந்தவர் திரையில் நொடியால் மாட்டிக்கொள்கிறார். வேண்டுமென்றே எல்லாக் கட்டத்திலும் நிற்க வைக்கும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள் கையில் ஒன்றும் இல்லாதபோதும் அதைப் போட்டுவிட்டு யோசிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எது நல்லது? எளிய ஆட்டம் எல்லாருக்கும் கதவு திறக்கிறது. ஆனால் அங்கே எதிராளியின் முறையில் நீங்கள் வெறும் பார்வையாளர். பதில் சொல்லும் ஆட்டத்தில் கதவு குறுகலானது. ஆனால் எதிராளி ஓங்கிய கை இறங்குவதற்குள் உங்களுக்கு ஒரு கணம் உண்டு. அந்த ஒரு கணத்துக்காகத்தான் 200 பக்கத்தைத் தாண்டிய விதிப்புத்தகம், மூன்று வேகங்கள், அரைப்புள்ளி, நடுவர்கள் எல்லாம். மலிவான உரிமை அல்ல அது.

அதனாலேயே அதை எழுதி வைக்கும் வாசகம் முக்கியமாகிறது. வென்றவர் விதியைப் படிப்பதில்லை. தோற்றவர்தான் சீட்டைக் கையிலெடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். எங்கே தவறினோம் என்பது அவருக்கு அந்த நான்கு வரியிலேயே தெரிந்துவிட்டால், அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கத் தொடங்குகிறார். அங்கே தெரியாமல், வேறெங்கோ ஒரு புத்தகத்தின் ஏதோ ஒரு பிரிவில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், தோற்கடித்தது எதிராளி அல்ல என்ற எண்ணத்தோடு எழுந்து போகிறார். பீட்டனைப் பலி கொடுத்த பையன் கேட்டதும் அதுதான்: "போது என்றுதானே போட்டிருக்கிறது, செத்தபோதுதானே கூப்பிட்டேன்?" அவன் தமிழில் கேட்டாலும் ஜப்பானியத்தில் கேட்டாலும் கேள்வியில் பிழையில்லை. 1999-லும், 2009-லும், 2011-லும், 2017-லும் விதி எழுதியவர்கள் பேனாவை மறுபடி எடுத்தது இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான். அந்தப் பதில்களுக்கு மட்டும் நேரம் தவறுவதில்லை.